ஆறு இடத்துக்குப் பதினெட்டுப் பேர்

ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பது ஆவதற்குள் நானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். போன மாதம் உங்கள் யார்டுப் பக்கம் வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் டிப்ளமோ பிள்ளைகள் நீங்கள் ஐந்து பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டீர்கள்: “அக்கா, ஒரே மெஷினு, ஒரே கம்பெனி. கோயம்புத்தூர்ல ஓடுச்சு, சுருளிப்பட்டியில ஓடுது. ஆண்டிபட்டியில மட்டும் ஏன் ஓடல?” பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவிவிட்டேன். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

உங்களுக்கு மேலே இருக்கிறவர்கள் மூன்று காரணம் சொல்லியிருப்பார்கள். ஆண்டிபட்டிப் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். ரோடு சரியில்லை. அங்கே இருக்கிற ஆட்களுக்குப் படிப்பு கிடையாது, ஒழுங்கு கிடையாது. முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது பொய். அந்தப் பொய்யை எழுத்தில் கொடுத்தவள் நான்தான். அதனால் அதை நானே உடைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தறிக்கூலி, அம்மாவுக்குக் காட்டு வேலை, இருவருக்கும் கைநாட்டு. பாலிடெக்னிக் முடித்து 2003இல் ஆண்டிபட்டி யார்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்று, அப்பா அந்த உத்தரவுக் கடிதத்தை டீக்கடையில் நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நாலு பேரும் ஒரே மாதிரி படிக்கிறார்களா என்று பார்த்தாராம். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். காம்பவுண்டுச் சுவருக்குத் தூணும் பலகையும், திராட்சைப் பந்தலுக்குக் காலும் கான்கிரீட்டில் அச்சு போட்டு வார்த்து, நனைத்து, லாரியில் ஏற்றி அனுப்புவது. அப்போது எல்லாம் கைவேலை. யார்டில் பதினெட்டுப் பெண்கள். முதல் வாரம் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். “வீராயி” என்றதும் அதுவரை நான் பார்த்தேயிராத ஒரு பெண் “இருக்கேன்” என்றாள்.

“நீங்க வீராயி இல்லையே?”

“அவுக அக்கா மகளுக்குச் சடங்கு. நான் அவுக நாத்தனா. அவுக எடத்துல வந்திருக்கேன்.”

மறுநாள் உண்மையான வீராயி வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, யார்டிலேயே வேகமான கை. நான் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தது பிறகுதான். அன்று அவர் என் மேசைக்கு நேராக வந்து நின்றார்.

“ஏத்தா, நேத்து என்னையக் காணோம்னு தேடுனியாமே? தூணு கொறைஞ்சுச்சா?”

“இல்ல.”

“பெறகென்ன? தூணை எண்ணத்தான உன்னைய உக்கார வச்சிருக்காக. மூஞ்சியை எதுக்கு எண்ணுற?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி வந்து நிற்பதற்கு அவர்கள் மாத்தாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல், பிரசவம், ஊரில் எழவு, காட்டில் விதைப்பு, எதுவானாலும் அவள் இடம் காலியாக இருக்காது. ஓரகத்தியோ நாத்தனாரோ தங்கச்சியோ வந்து நிற்பாள். மானாவாரி ஊரில் ஒரு வேலை கிடைப்பதே பெரிது. ஒரு நாள் விட்டால் அந்த இடத்தில் வேறு வீட்டுக்காரி வந்துவிடுவாள் என்ற பயத்தில் பிறந்த ஏற்பாடு அது. கான்கிரீட் கலப்பதும் அச்சில் கொட்டுவதும் அந்த வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்ததால் வேலை கெடவில்லை. ரிஜிஸ்டரில் பதினெட்டுப் பெயர். யார்டுக்கு வந்து போகும் முகங்கள் நாற்பதுக்குக் குறையாது.

சுருளிப்பட்டி யார்டு நேர் எதிர். அங்கே தோட்டத்தில் திராட்சை, வயலில் நெல், மலைக்கு மேலே கேரளாவில் ஏலக்காய். ஏலப்பழம் எடுக்கும் பருவத்தில் விடியற்காலை தோட்டத்து ஜீப் வந்து நின்றால், யார்டுக்கு வர வேண்டியவர்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். அந்த யார்டு சூப்பர்வைசர் ஜீப்புக்கு முன்னால் போய் நின்று கெஞ்சுவாராம். ‘சேட்டா, நாளைக்குப் பாக்காம்’ என்று ஜீப்பில் ஏறியவர்கள் பாதி மலையாளத்தில் கிண்டல் செய்துவிட்டுப் போவார்களாம். இரண்டு யார்டுக்கும் நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் ஒரு இடத்தில் வேலை ஆளைத் தேடியது. இன்னொரு இடத்தில் ஆள் வேலையைத் தேடியது. மெஷின் எங்கே போக வேண்டும் என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆள் இல்லாத இடத்துக்கு என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2008இல் என்னைக் கோயம்புத்தூர் ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கே அந்த மெஷினைப் பார்த்தேன். கலவை தானாக விழுகிறது, அச்சு தானாக நகர்கிறது, மேலிருந்து இரும்புத் தலை ஒன்று இறங்கி அழுத்துகிறது, தூண் வெளியே வருகிறது. ஆறு பேர் போதும். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“இதை ஓட்ட ஒரே ஆளுதானுங் அம்மிணி. நான் லீவு போட்டா இதுவும் லீவு. இன்னொருத்தரு கை வெக்க உடமாட்டனுங்.”

“ஊர்ல ஏதாவது விசேஷம்னா என்ன பண்ணுவீங்க?”

“எனக்கேதுங் விசேஷம்? ஊரு எங்கியோ கெடக்குது. கம்பெனி ரூம்புலதான் தூக்கம். வருசத்துக்கு ஒருக்கா நோம்பிக்குப் போனாச் சரி.”

அந்த ஆலையில் மெஷினைத் தொட்ட எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். பக்கத்தில் சொந்தம் இல்லாதவர்கள். நான் மெஷினைப் பார்த்தேன், அவர்களைப் பார்க்கவில்லை. இது முதல் தவறு.

ஊர் திரும்பிய பிறகு கோயம்புத்தூர் மேனேஜர் போனில், “மூணு வருஷ அட்டெண்டன்ஸ் எடுத்து அனுப்பும்மா” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அழகாகக் கட்டம் போட்டு எழுதினேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எவ்வளவு ஒழுங்கு என்று கோயம்புத்தூர் தெரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணம். வீராயி சித்தி எட்டிப் பார்த்தார்.

“எங்களைப் பத்தியா எழுதுற? நல்லா எழுதுத்தா.”

“ஒருத்தர்கூட ஒரு நாள்கூட லீவு இல்ல சித்தி.”

“அதெப்படி லீவு வரும்? நான் செத்தாக்கூட என் எடத்துல ஒருத்தி வந்து ‘இருக்கேன்’ம்பா!”

மாத்தாள் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரி இல்லை. எழுதினால் அசிங்கம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. மேனேஜர் சந்தோஷமாகப் பேசினார்.

“மெஷின் உங்க யார்டுக்குத்தான். உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு பண்ணினோம். சுருளிப்பட்டியில சீசன் வந்தா ஆளே இருக்கறதில்ல. மெஷினை வாங்கி வெச்சுட்டு யார் ஓட்டறது? உங்க ஆளுங்கதான் ஒரு நாள் தவறாம வர்றாங்க. மெஷினுக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்.”

ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கேட்டேன்: “எத்தனை பேர் சார்?”

“ஆறு.”

பதினெட்டுப் பேரிடமும் நான்தான் சொன்னேன். யாரும் அழவில்லை. வீராயி சித்தி கலவைச் சட்டியைக் கீழே வைத்தார்.

“அடி ஆத்தே! ஏலக்கா எடுக்க ஓடுனவளுகளுக்கு வேலை நிலைக்குது. நாளு தவறாம வந்தவளுகளுக்கு வேலை போகுது. அப்ப நாங்களும் வராம இருந்திருந்தாப் பொழச்சிருப்போம். அப்படித்தான?”

 பிள்ளைகளே, ஒரு கணக்கை உங்களிடம் கேட்டால், எந்தக் கேள்விக்கு அது பதில் என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். பாராட்டு என்று நினைத்து நான் எழுதிக் கொடுத்தது வேறொருவர் கையில் ஆள்குறைப்புப் பட்டியலாகிவிட்டது.

எழுதப் படிக்கத் தெரிந்த ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டாவது படித்த ராஜாத்தி அக்காவுக்கு இடம் கிடைத்தது. அவருடைய ஓரகத்தி வீராயி சித்திக்குக் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து பத்து நாள் அந்த ஆறு பேருக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்றுதான். கரண்ட் போனால் முதலில் சாவியைத் திருப்பி எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கரண்ட் வந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்கும். கோயம்புத்தூரில் ஜெனரேட்டர் இருந்தது, அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. எங்களுக்கு ஜெனரேட்டர் ‘அடுத்த வருஷம்’ என்றார்கள்.

பயிற்சி முடிந்த மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதினெட்டுப் பேரும் என்னிடம் வந்தார்கள். வேலையில் இருந்த ஆறு பேர், வேலை போன பன்னிரண்டு பேர். பேசியது வீராயி சித்தி.

“நாங்க பேசி முடிச்சிட்டோம். ஆறு எடம். எடத்துக்கு மூணு பேரு. மாறி மாறி வாறோம். கூலியை எங்களுக்குள்ள பிரிச்சிக்கிறோம். யாரு வீட்டுலயும் அடுப்பு அணைய வேண்டாம். நீ எங்க பன்னெண்டு பேருக்கும் அந்தச் சாவியும் பொத்தானும் சொல்லிக் குடு, போதும்.”

“அது கம்பெனி ரூல்ஸ்ல இல்ல சித்தி.”

“ரூல்ஸை யாரு கேட்டா? சொல்லிக் குடுக்கச் சொல்லுறோம்.”

“ஆபத்தான மெஷின். பயிற்சி எடுத்தவுக மட்டுந்தான் தொடணும்.”

“அதைத்தானத்தா நாங்களும் சொல்லுறோம்! பயிற்சி குடு!”

ராஜாத்தி அக்கா கை கூப்பாத குறையாகச் சொன்னார்: “நாலு நாளு போதும் பாப்பா. சாயங்காலம் ஒரு மணி நேரம் நிக்கிறோம்.”

நான் முடியாது என்றேன். மாத்தாள் இனிமேல் கிடையாது, பெயர் இருக்கிறவர்கள்தான் வர வேண்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னேன். அவர்கள் கலைந்து போனார்கள். ‘சூப்பரைசரம்மா சொல்லிட்டாகப்பா’ என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவர்கள் மாறி மாறி வரத் தொடங்கினார்கள். எனக்குத் தெரியும். ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிராமல் பெயர் கூப்பிடுவேன். “இருக்கேன்” என்று குரல் வரும். கையெழுத்துப் போடுவேன். குரலை வைத்தே ஆள் மாறியிருப்பது தெரியும். தடுத்தால் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு அணையும். சொல்லிக் கொடுத்தால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வசதியான இடம் கிடைத்தது. தலையைக் குனிந்துகொள்வது. மூன்று மாதம் அந்த இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். அதைக் கருணை என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை இறங்கியது. மானாவாரிக் காட்டில் ஈரம் காயுமுன் விதைத்தாக வேண்டும். கோயம்புத்தூர் அட்டவணையில் அப்படி ஒரு நாள் கிடையாது. அன்று காலை, மெஷின் சாவியைக் கையில் வைத்திருக்க வேண்டிய ராஜாத்தி என்ற பெயருக்கு ‘இருக்கேன்’ என்றது வீராயி சித்தியின் குரல். நான் கையெழுத்துப் போட்டேன்.

பதினொரு மணி வாக்கில் கரண்ட் போனது. நான் அறையில் அன்றைய ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே என்ன நடந்தது என்பதைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அச்சில் பாதிக் கலவை நின்றுவிட்டது. அது இறுகினால் அச்சு பாழ். கைவேலை பார்த்த யாருக்கும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மனம் வராது. வீராயி சித்தி கரண்டியை எடுத்துக்கொண்டு இரும்புத் தலைக்குக் கீழே கையை விட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். இருபது வருட அனுபவத்தில் அவருக்குத் தெரிந்த அச்சுகள் எல்லாம், மனிதர் நகர்த்தினால்தான் நகரும். நிற்கிற ஒன்று காத்துக்கொண்டும் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நான் பத்தடி தூரத்தில் அறைக்குள் இருந்தேன்.

என் தலைக்கு மேலே மின்விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. நல்ல காற்று என்று நினைத்தேன். அப்புறம் சத்தம் கேட்டது.

வலது கையில் மூன்று விரல்கள். லோடு ஆட்டோவின் பின்னால், துண்டு சுற்றிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: “கலவை காஞ்சிருமேன்னுதான் சொரண்டுனேன். மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையேத்தா?”

மறுநாள் மேனேஜர் வந்தார். ராஜாத்தி அக்கா காட்டுச் சேறோடு ஓடி வந்து, “எல்லாம் என்னாலதான் சார், அவுகளைத் திட்டாதீக” என்று வாசலிலேயே நின்றார். மேனேஜர் அவரை உள்ளே விடவில்லை. ரிஜிஸ்டரை என் முன்னால் திறந்து வைத்தார்.

“இதுல ராஜாத்தி. ஆஸ்பத்திரியில வீராயி. இது உங்களுக்குத் தெரிஞ்சு நடந்ததா, தெரியாம நடந்ததா? ஒரு வரி எழுதிக் குடுங்க.”

நான் பேனாவை எடுக்கவில்லை. அவர் கோபப்படவில்லை, விளக்கினார். “தெரியும்னு எழுதினா கம்பெனி அனுமதிச்ச மாதிரி. நஷ்ட ஈடு கம்பெனி தலையில வரும், உங்க வேலையும் போகும். தெரியாதுன்னா அந்தம்மா திருட்டுத்தனமா உள்ள வந்தவங்க. அவ்வளவுதான். யோசிச்சு எழுதுங்க. படிச்ச பொண்ணு.”

டீக்கடையில் நாலு பேரிடம் காட்டிய அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. இரண்டு தங்கச்சிகளின் படிப்பு நினைவுக்கு வந்தது. எல்லாம் நியாயமான நினைவுகள்தான். ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், அன்றும் இருந்தது. ராஜாத்தி அக்காவை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள்.

விசாரணைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்தது இரண்டு மாதம் கழித்து. நேர்மையான மனிதர். வீராயி சித்தியை உட்கார வைத்து, நிதானமாகக் கேட்டார்: “பயப்படாமச் சொல்லுங்கம்மா. நீங்க வர்றது இந்த சூப்பர்வைசருக்குத் தெரியுமா?”

நான் பக்கத்தில் நின்றேன். சித்தி தெரியும் என்று சொல்லிவிட்டால் எனக்கு எல்லாம் முடிந்துவிடும். சொல்லிவிட வேண்டும் என்று என் மனதில் ஒரு பாதி வேண்டியது. சித்தி என்னைப் பார்க்கவில்லை.

“பிள்ளைக்குத் தெரியாதுங்கய்யா. குனிஞ்ச தலை நிமிராது. நானாத்தான் வந்தேன்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். விவகாரம் முடிந்தது. ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் இரக்கப்பட்டுக் கொடுப்பதாகக் கம்பெனி சொன்னது. வெளியே வேப்பமரத்தடியில் சித்தியிடம், “ஏன் சித்தி?” என்றேன்.

“நம்ம பக்கத்துல பேனா பிடிச்ச பொம்பள நீ ஒருத்திதான். என் விரலும் போயி ஒன் வேலையும் போகணுமாக்கும்? போத்தா, போயி வேலையைப் பாரு.”

நானும் போய் வேலையைப் பார்த்தேன். இதுதான் நான் செய்தது. ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தேன்.

அடுத்த கோடையில் மெஷினைக் கழற்றிச் சுருளிப்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆண்டிபட்டி யார்டை மூடினார்கள். ‘ஆண்டிபட்டி ஆட்களுக்கு ஆட்டோமேஷன் ஒத்துவராது’ என்று ஃபைலில் ஒரு குறிப்பு இருக்கிறது, கேட்டு வாங்கிப் பாருங்கள். அதற்கு ஆதாரமாக இணைத்திருப்பது ‘எனக்குத் தெரியாது’ என்று நான் எழுதிக் கொடுத்த கடிதம். சுருளிப்பட்டியிலும் முதல் சீசனில் ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள், மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிறகு ஒரிசாவிலிருந்து ஆறு பேரைக் கொண்டுவந்து, யார்டுக்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். கல்யாணம் இல்லை, எழவு இல்லை, விதைப்பு இல்லை. எனக்கு அங்கே பொறுப்பாளர் பதவி கொடுத்தார்கள். மெஷின் நன்றாக ஓடியது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த மெஷினுக்குப் படித்த ஆள் தேவைப்படவில்லை, ஒழுங்கான ஆள்கூடத் தேவைப்படவில்லை. பக்கத்தில் சொந்தம் இல்லாத ஆள் தேவைப்பட்டது. ஆண்டிபட்டியில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது. அந்தப் பெண்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து என் கையில் கொடுத்தார்கள். நாலு சாயங்காலம், ஒரு மணி நேரம். மெஷின் அங்கேயும் ஓடியிருக்கும்.

2010இல் வேலையை விடுவதற்கு முந்தைய வாரம், அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தெரியும், ஆரம்பத்திலிருந்தே தெரியும், சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள், நான் மறுத்தேன் என்று எழுதினேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு வீராயி சித்தி வீட்டுக்குப் போனேன். அவர் இடது கையால் நிலக்கடலையைத் தரையில் அழுத்தி உடைத்துக்கொண்டிருந்தார். கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன்.

“இதை அனுப்புனா எனக்கு ஏதும் கெடைக்குமா?”

“எனக்குத் தெரியாதுன்னு நீங்க சொன்னது எழுத்துல இருக்கு சித்தி. அநேகமா ஒண்ணும் கெடைக்காது.”

“அப்ப எதுக்கு?”

நான் கடிதத்தை மடித்தேன். அவர் ஒரு கடலையை எடுத்து உடைத்து, சொத்தை என்று தூரப் போட்டார்.

“அன்னிக்குச் சொல்லியிருந்தா எனக்கு ஆகியிருக்கும். இன்னிக்குச் சொல்லுறது ஒனக்கு ஆகுறதுக்கு. அனுப்புனா அனுப்பு. என்னைய எதுக்குக் கேக்குற?”

அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. சித்தி சொன்னது சரி. அதனால்தான் இதை அவருக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். எனக்குக் கடந்து போய்விட்ட, சொல்லியிருக்க வேண்டிய அந்த நாள் உங்களுக்கு இனிமேல்தான் வரும்.